பிள்ளை கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள்
பெற்றோருக்கான பாடம் – ஹஜ்ஜுப் பெருநாள், ஹிஜ்ரி 1442



 கொரோனா வந்த பிறகு நமக்கு வந்த நான்காவது பெருநாள், 2021இன் ஹஜ்ஜுப் பெருநாள். 2020 மே 25இல் நோன்புப் பெருநாள், ஆகஸ்ட் 1இல் ஹஜ்ஜுப் பெருநாள், 2021 மே 14இல் மறுபடியும் நோன்புப் பெருநாள் என்று மூன்றையும் வீட்டுக்குள்ளேயே தொழுது முடித்தோம். நாற்பது ஐம்பது ஆண்டுகள் பெருநாள் கண்ட நமக்கு இந்த மூன்றும் ஒரு சோதனைக் காலம், கடந்து போய்விடும். அன்று ஆறு வயதாக இருந்த பிள்ளைக்கு அப்படியல்ல. அதற்கு நினைவு தெரிந்த பெருநாளே அதுதான்.

பள்ளிக்கூடமும் அப்படியே. 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 ஜூலையிலும் திறக்கவில்லை. 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை 2021இல் இரண்டாம் வகுப்பு. வகுப்பறை பெஞ்சில் ஒரு நாள்கூட உட்கார்ந்திருக்கவில்லை. கல்வித் தொலைக்காட்சி ஒரு பக்கம், வாட்ஸ்அப்பில் வந்த வீட்டுப்பாடம் ஒரு பக்கம். லீவு என்று பெயர், ஆனால் லீவுக்கு உரிய எதுவும் இருக்கவில்லை: நன்னி வீட்டுக்குப் போகவில்லை, பரங்கிப்பேட்டைக்கோ சில்வர் பீச்சுக்கோ போகவில்லை, தெருவில் கூட்டாளிகளோடு ஓடவில்லை.

படிப்பு எவ்வளவு போயிற்று என்பதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். இந்தப் பாடம் அதைப் பற்றியதல்ல. பிள்ளை பயந்தாலோ அழுதாலோ நாம் வழக்கமாகச் செய்வது இரண்டு. ஒன்று, 'அழாதே, ஸப்ர் செய்' என்று வாயை அடைப்போம். இல்லையென்றால் ஏதாவது பொய் சொல்லிச் சமாளிப்போம். இரண்டையும் அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் அந்த ஒன்றரை ஆண்டில் இரண்டுமே பிள்ளைகளைத் தங்கள் பயத்தோடு தனியே விட்டுவிட்டன.

குருவி இறந்துபோன பிள்ளை

அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்று ஒரு சின்னத் தம்பி இருந்தார். அவர் 'நுகைர்' என்கிற சிறு குருவி ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். குருவி இறந்துவிட்டது. நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வந்தபோது பிள்ளை வாட்டமாக இருப்பதைக் கண்டு காரணம் விசாரித்தார்கள். பிறகு அவரிடமே, பெயர் சொல்லி அழைத்து, அந்தக் குருவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. குருவி இறந்ததும் பிள்ளை வருந்தியிருந்ததும் அபூதாவூதில் வருகின்றன.

இந்த ஹதீஸிலிருந்து உலமாக்கள் எத்தனையோ சட்டங்களை எடுத்திருக்கிறார்கள். பெற்றோர் எடுக்க வேண்டியது வேறு. மதீனாவின் தலைவர், வஹீ இறங்குகிற ரசூல், ஒரு சிறுவனின் குருவிக்காக நின்று பேசினார்கள். 'வேறு குருவி வாங்கித் தருகிறேன்' என்றோ, 'இதற்கெல்லாமா முகத்தை இப்படி வைத்துக்கொள்வது' என்றோ சொன்னதாக இல்லை. பெரியவர்களை அழைப்பதுபோல் அபூ உமைர் என்று அழைத்து, இழந்த பொருளின் பெயரையும் சொல்லி, அவர் பேசுவதற்கு வழி திறந்துவிட்டார்கள்.

நம் பிள்ளைகள் இழந்தது குருவியைவிடப் பெரிது. பள்ளிக்கூடத்தை இழந்தார்கள். விமானம் ஓடாததால் சவூதியிலும் துபாயிலும் நின்றுவிட்ட அத்தாவை போன் திரையில் மட்டும் பார்த்த பிள்ளைகள் லால்பேட்டையிலும் நெல்லிக்குப்பத்திலும் எத்தனையோ பேர். போனில் அந்த அத்தாமார்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: 'ஒழுங்கா படிக்கிறியா?' பிள்ளை 'ம்' என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுகிறது. 'இன்னிக்கு என்ன விளையாடினே? யாரோட சண்டை? நேத்து சொன்ன அந்தப் பூனை வந்துச்சா?' என்று கேட்டுப் பாருங்கள். அத்தாவுக்குத் தன் பூனை நினைவிருக்கிறது என்பதே பிள்ளைக்குப் போதும். நாளைக்கு அதே பிள்ளை தானாகவே போனைப் பிடுங்கிப் பேசும்.

மௌத்தை மறைப்பது

2021 ஏப்ரல், மே மாதங்களில் வந்த இரண்டாம் அலையில் நம் ஊர்களில் ஜனாஸாக்கள் அடுத்தடுத்து வந்தன. எழுதக் கடினமான பகுதி இது, ஆனாலும் இதை விட்டுவிட்டுப் பெருநாளைப் பற்றிப் பேச முடியாது.

அன்று கொரோனா மௌத் மற்ற மௌத்தைப் போன்றதாக இருக்கவில்லை. ஆம்புலன்ஸில் ஏறிப் போனவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. பையில் சுற்றிய உடல் நேராக மையவாடிக்குப் போனது. பாதுகாப்பு உடை போட்ட நாலு இளைஞர்கள் அடக்கினார்கள். பெரியவர்களுக்கே முகம் பார்க்கக் கிடைக்கவில்லை, பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எனவே பிள்ளையைப் பொறுத்தவரை அத்தா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். இந்த இடத்தில் நாம் ஒரு பொய்யைச் சேர்த்துவிடுகிறோம்: 'அத்தா வெளிநாட்டுக்குப் போயிருக்காங்க'. வெளிநாட்டில் வேலை பார்ப்பது நம் மாவட்டத்தில் சாதாரணம் என்பதால் இந்தப் பொய் எளிதில் பொருந்திவிடுகிறது. அதன் பிறகு பிள்ளை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் வரும் என்று காத்திருக்கிறது. போன் வரவில்லை. அத்தாவுக்குத் தன்மேல் கோபம் என்று நினைக்கிறது. பிறகு ஒரு நாள் தெருவில் இன்னொரு பையன் சண்டையில், 'உங்க அத்தாதான் செத்துட்டாரே' என்கிறான். அந்த நாளில் அது இழப்பது அத்தாவை மட்டுமல்ல. வீட்டில் இருக்கிற ஒருவரையும் இனி நம்பாது.

வேறு சில வார்த்தைகளும் உண்டு, நல்லெண்ணத்தோடு சொல்லப்படுபவை. 'நன்னி தூங்குறாங்க' என்று சொன்னால் நாலு வயதுப் பிள்ளை இரவில் தூங்கப் பயப்படும், அம்மா தூங்கினால் எழுப்பிக்கொண்டே இருக்கும். 'அல்லாஹ்வுக்குப் பிடிச்சவங்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்குவான்' என்றால் நல்ல பிள்ளையாக இருக்கவே அதற்குப் பயம் வந்துவிடும். பெரியவர்களுக்கு ஆறுதலாக இருக்கிற சொல் பிள்ளையின் காதில் வேறாக விழுகிறது.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மௌத் என்றால் திரும்பி வராதது என்று புரியாது. நேற்றுச் சொன்னோம், இன்றும் 'அத்தா எப்ப வருவாங்க?' என்று கேட்கும். அடம் பிடிக்கிறது என்று எண்ண வேண்டாம். அந்த வயது அப்படி. ஆறிலிருந்து ஒன்பது வயதுக்குள் மெல்லப் புரியத் தொடங்கும், கூடவே 'அம்மாவும் செத்துருவாங்களா?' என்ற பயமும் வரும். அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள். அம்மா அழுவார்கள் என்று தாங்களே மறைத்துக்கொள்வார்கள். கேட்கிற பிள்ளையைவிடக் கேட்காத பிள்ளையைத்தான் நாம் அதிகம் கவனிக்க வேண்டும்.

சொல்வது எப்படி? சுருக்கமாக, நேராக, மடியில் வைத்துக்கொண்டு: 'அத்தாவுக்குக் கொரோனா வந்துச்சு. டாக்டருங்க ரொம்ப முயற்சி பண்ணாங்க. ஆனா அத்தாவால மூச்சு விட முடியல. அத்தா மௌத்தாயிட்டாங்க. இனிமே வீட்டுக்கு வர மாட்டாங்க. நாம அவங்களுக்காக துஆ செய்யலாம். உன்னை நானும் மாமாவும் பாத்துக்குவோம்.' கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வாய் திறந்து சொல்லாவிட்டாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ளே இருக்கிற கேள்வி, இனி என்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான். மறுநாளும் அதையே கேட்டால் மறுநாளும் அதையே சொல்லுங்கள். பிறகு ஒரு நாள் மையவாடிக்குக் கூட்டிப்போய் கபரைக் காட்டுங்கள். முகம் பார்க்காத பிள்ளைக்கு ஓர் இடமாவது வேண்டும்.

இத்தா இருக்கிற தாய்மார்களின் வீடுகளில் இன்னொரு சங்கடம் நடக்கிறது. அம்மாவைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பிள்ளைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நான்கு மாதம் பத்து நாள் என்பது மறுமணத்துக்கும் அலங்காரத்துக்கும் தேவையின்றி வெளியே போவதற்கும் உள்ள கட்டுப்பாடு. பிள்ளை தாயின் மடியில் படுப்பதற்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. அத்தாவை இழந்த பிள்ளையிடமிருந்து அம்மாவையும் நாலு மாதம் எடுத்துவிடாதீர்கள்.

'ஆம்பளப் புள்ள அழலாமா' என்பவர்களுக்கு ஒரு செய்தி. நபி (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீம் மௌத்தானபோது கண்ணீர் வடித்தார்கள். அதைக் கண்டு வியந்த தோழருக்கு, இது கருணையினால் வருவது என்று விளக்கினார்கள். அவர்களே எத்தீமாக வளர்ந்தவர்கள். தந்தை அவர்கள் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். தாயார் ஆமினா அவர்களை ஆறு வயதிலும் பாட்டனார் அப்துல் முத்தலிபை எட்டு வயதிலும் இழந்தார்கள். எத்தனையோ ஆண்டுகள் கழித்துத் தாயின் கபருக்குப் போனபோது தாமும் அழுது, உடன் இருந்தவர்களையும் அழவைத்தார்கள் என்று முஸ்லிமில் வருகிறது. ஆறு வயதில் பட்ட துயரம் அத்தனை காலம் நிற்கிறது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவோடு பிள்ளை சரியாகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கலாமா?

'என்னாலதானா?'

இந்த நோய்க்கே உரிய ஒரு கொடுமை உண்டு. 'வெளியே போகாதே, நீ கொண்டு வந்து நன்னிக்கு ஒட்டிவிடுவாய்' என்று ஒரு வருடம் பிள்ளைகளை மிரட்டி வைத்தோம். பிறகு ஒரு நாள் நன்னிக்கு வந்தே விட்டது. அந்த வாரம் கடைக்குப் போய் மிட்டாய் வாங்கி வந்த எட்டு வயதுப் பையன் என்ன நினைப்பான்? சிறு பிள்ளைகள் இயல்பாகவே நடப்பதற்கெல்லாம் தாங்களே காரணம் என்று எண்ணுவார்கள். அம்மாவோடு சண்டை போட்டதால் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது என்று நினைக்கிற வயது அது. இங்கே நாமே அதற்குச் சாட்சியும் சொல்லி வைத்திருக்கிறோம்.

அவன் இதை யாரிடமும் சொல்ல மாட்டான். படுக்கையில் சிறுநீர் போவான், வயிறு வலிக்கிறது என்பான், தம்பியை அடிப்பான், திடீரென்று ஐந்து தடவை கை கழுவுவான். எனவே அவன் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். நீங்களே சொல்லுங்கள்: 'நன்னிக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்குமே தெரியாது. ஊரு முழுக்க இருந்துச்சு. உன்னால இல்ல. நீ எந்தத் தப்பும் செய்யல.' இதை மூன்று நாலு முறை, வெவ்வேறு நாட்களில், வேறு வேலை செய்துகொண்டே சாதாரணமாகச் சொல்லுங்கள். இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

பழிபோடுகிற பேச்சு எப்படி வலிக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. 2020 ஏப்ரலில் டெல்லி மாநாட்டைச் சாக்காக வைத்துத் தொலைக்காட்சியில் நடந்த பேச்சை நம் பிள்ளைகளும் கேட்டார்கள். 'நாமதான் கொரோனாவைக் கொண்டு வந்தோமா அத்தா?' என்று கேட்ட பிள்ளைகள் உண்டு. அடுத்த மாதமே கோயம்பேடு சந்தைத் தொற்று ஊர் திரும்பியவர்களோடு நம் மாவட்டத்துக்கும் வந்தது. அப்போது வேறு யாரோ அந்தப் பெயரைச் சுமந்தார்கள். தெருக்களுக்குத் தகரம் அடித்தார்கள். நம் வீட்டில் அந்த நாட்களில் 'கோயம்பேடு ஆளுங்க' என்று நாம் பேசியிருந்தால், அதையும் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

2021இல் புதிதாக ஒரு பயம் வந்தது: மூன்றாவது அலை குழந்தைகளைத்தான் தாக்கும் என்பது. செய்திச் சேனல்கள் இதையே சுற்றின. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021 மே மாதமே இதற்கு விளக்கம் கொடுத்துவிட்டது. அடுத்த அலை குழந்தைகளை மட்டுமோ குழந்தைகளையே அதிகமாகவோ தாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. தொற்று வருகிற பிள்ளைகளிலும் பெரும்பாலோருக்கு லேசாகவே வந்து போகிறது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சொன்ன கையோடு டிவியை அணையுங்கள். நீங்களும் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். போட்ட கையைப் பிள்ளையிடம் காட்டுங்கள். 'எனக்கு ஒண்ணும் ஆகாது' என்று வாயால் சொல்வதைவிட அதற்கு அது நம்பிக்கை தரும்.

வீட்டில் பிள்ளைகள் 'கொரோனா விளையாட்டு' விளையாடினால் திட்டாதீர்கள். ஒருவன் டாக்டர், ஒருத்தி நோயாளி, ஒரு தலையணை மௌத்து. பார்க்கிற நமக்கு வயிறு கலங்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடலோர ஊர்களுக்கு வந்து பணி செய்தவர்களில் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தாரும் உண்டு. பயந்த பிள்ளைகளுக்குப் பேச்சைவிட விளையாட்டும் படம் வரைவதும்தான் வடிகால் என்பது அப்படிப்பட்ட பேரிடர் பணிகளில் கண்ட அனுபவம். வாயில் வராததைப் பிள்ளை விளையாட்டில் சொல்கிறது. ஒரே விளையாட்டு வாரக்கணக்கில் மாறாமல், பிள்ளை மேலும் மேலும் கலங்கிப் போனால் மட்டும் கவலைப்படலாம்.

இப்ராஹீம் நபியின் கதையும் வீட்டு ஆடும்

பெருநாள் வாரத்தில் எல்லா வீட்டிலும் இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றைச் சொல்வோம். பெரியவர்களுக்குச் சொல்வதுபோலவே சிறு பிள்ளைக்கும் சொல்லிவிடுகிறோம். கேட்ட பிள்ளை இரவில் மெதுவாகக் கேட்கும்: 'அத்தா, உங்களுக்கும் அப்படிக் கனவு வந்தா?'

சிரிக்காதீர்கள். அது உண்மையான பயம், அதுவும் மௌத்து மலிந்த ஓர் ஆண்டில். சிறியவர்களுக்கு முடிவிலிருந்து சொல்லத் தொடங்குங்கள்: அல்லாஹ் பிள்ளையை அறுக்க விடவில்லை, ஆட்டை அனுப்பினான், பிள்ளை அத்தாவோடு பத்திரமாக வீட்டுக்குப் போனது. அது நபிக்கு மட்டும் வந்த சோதனை, வேறு எந்த அத்தாவுக்கும் அப்படிக் கட்டளை வராது என்பதையும் சொல்லுங்கள்.

பெரிய பிள்ளைகளிடம் வேறொன்றைச் சுட்டிக்காட்டலாம். ஸாஃப்பாத் சூராவின் 102ஆம் வசனத்தைத் தமிழாக்கத்தில் எடுத்துப் பாருங்கள். கனவு கண்ட தந்தை அதை மகனிடம் மறைக்கவில்லை. ஏமாற்றி அழைத்துப் போகவும் இல்லை. கனவைச் சொல்லிவிட்டு, நீ என்ன நினைக்கிறாய் என்று மகனின் கருத்தைக் கேட்கிறார். அல்லாஹ்வின் கட்டளை வந்த இடத்திலேயே தந்தை மகனிடம் கலந்து பேசினார் என்றால், பள்ளிக்கூடம் மாற்றுவதும் அம்மா வேலைக்குப் போவதும் கடன் வாங்குவதும் பிள்ளைக்குத் தெரியாமல் நடக்க வேண்டியவை என்று நாம் ஏன் நினைக்கிறோம்? வருமானம் போன வீட்டில் அது போனது பிள்ளைக்கு எப்படியும் தெரியும். 'இந்தப் பெருநாளைக்குப் புதுத்துணி இல்ல, அடுத்த பெருநாளைக்கு இன்ஷா அல்லாஹ் பாப்போம்' என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளை அன்று காலையில் அழுகிற பிள்ளையாக இருக்காது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். பள்ளிக்கூடம் இல்லை, கூட்டம் கூட்ட முடியாததால் கல்யாணச் செலவும் குறைவு என்று பதினாறு வயதிலேயே வரன் பார்க்கிற பேச்சு 2021இல் சில வீடுகளில் காதில் விழுந்தது. பதினெட்டுக்கு முன் சட்டம் அனுமதிக்காது என்பது ஒரு பக்கம். அடுத்த அறையில் உட்கார்ந்து அந்தப் பேச்சைக் கேட்கிற பெண்ணின் மனம் இன்னொரு பக்கம். அவள் பள்ளிக்குப் போவாள் என்று இன்றே அவளிடம் சொல்லுங்கள்.

ஆட்டுக்கு வருவோம். பத்து நாள் முன்பு ஆடு வாங்கிக் கட்டுகிற வீடுகளில் பிள்ளைதான் அதற்குக் காவல். பலா இலை ஒடித்துப் போடும், பெயர் வைக்கும், அதோடு பேசும். கூட்டாளிகள் இல்லாத அந்த ஆண்டில் அந்த ஆடுதான் கூட்டாளியாக இருந்தது. அபூ உமைரின் குருவி மறுபடியும் நம் கொல்லையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்த அன்றே சொல்லுங்கள், இது குர்பானிக்கான ஆடு என்று. கடைசி நாளில் பிள்ளையைக் கடைக்கு அனுப்பிவிட்டு அறுப்பதும், 'ஓடிப் போச்சு' என்பதும் வேண்டாம். வலுக்கட்டாயமாக நிறுத்திப் பார்க்க வைப்பதும் வேண்டாம். பார்ப்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். அழுதால் அழட்டும். அன்று கறி வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அது ஈமானில் குறை அல்ல. ஆட்டை நோகாமல் நடத்த வேண்டும், கத்தியைத் தீட்டியிருக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருப்பதைச் சொன்னால், தன் ஆட்டின்மேல் தனக்கிருக்கும் இரக்கத்துக்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும். பங்கு வைப்பதில் அதன் கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; எந்த வீட்டுக்கு எந்தப் பை என்று அது சொல்லட்டும்.

வடலூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக. 1867இல் வள்ளலார் தருமச்சாலை தொடங்கி, அந்த அடுப்பு அணையாமல் இருக்கிற ஊர் இது. கறி உண்ணாத அண்டை வீட்டார் நமக்கு நிறைய. அவர்கள் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே வகுப்பு. 'உங்க வீட்ல ஏன் ஆட்டை வெட்டுறீங்க?' என்று அந்தப் பிள்ளை கேட்டுவிட்டால் சண்டைக்குப் போகாமல் பதில் சொல்ல நம் பிள்ளைக்கு முன்பே கற்றுக்கொடுங்கள்: 'எங்க வழக்கம் இது, ஏழைங்களுக்கும் பங்கு கொடுப்போம்.' அந்த வீட்டுக்குப் பாயசமோ சேமியாவோ தனிப் பாத்திரத்தில் செய்து பிள்ளை கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.

பெருநாள் அன்று

2021 ஜூலை 5 முதல் பள்ளிவாசல்கள் திறந்திருந்தன. ஆனால் 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் 65 வயதைக் கடந்தவர்களும் வீட்டில் இருப்பது நல்லது என்பதே அரசின் அன்றைய அறிவுரை. ஆக, அத்தா அத்தர் பூசிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று பார்க்க வேண்டியிருந்தது சின்னப் பிள்ளையும் நன்னாவும். அப்படி வீட்டில் இருக்க நேரும்போது அந்த இருவரையும் சேர்த்து வீட்டில் ஒரு ஜமாஅத் வைத்துவிடலாம். தக்பீரை உரக்கச் சொல்லும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். ஸஜ்தாவில் முதுகில் ஏறினால் தள்ளிவிடாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் தம் பேரப் பிள்ளை முதுகில் ஏறியபோது, அது இறங்கும் வரை ஸஜ்தாவை நீட்டினார்கள்.

பெருநாள் அன்று ஆயிஷா (ரலி) அவர்களின் அறையில் இரண்டு சிறுமிகள் பாடிக்கொண்டிருந்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் அதட்டியபோது, இது பெருநாள், விடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். துக்கம் நடந்த வீடுகளிலும் பிள்ளைகள் அன்று சிரிப்பார்கள். அழுத அரை மணி நேரத்தில் விளையாடப் போவார்கள். 'அத்தா போய் ரெண்டு மாசம் ஆகல, சிரிப்பு வருதா உனக்கு' என்று யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் துக்கம் விட்டு விட்டு வருவது. நடுவே வருகிற சிரிப்பு மறதி அல்ல. அத்தாவுக்குப் பிடித்த பலகாரத்தை அன்று செய்து, அவர் பெயரைச் சொல்லிச் சாப்பிடலாம். பெயரே சொல்லாமல் தவிர்க்கிற வீட்டில்தான் பிள்ளைக்கு மூச்சு முட்டும்.

உதவி கொடுக்கிற சகோதரர்களுக்கும் இங்கே ஒரு வேண்டுகோள். துணியோ கறியோ பணமோ கொடுக்கும்போது பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் நாளைக்கு அதன் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டுக்கும் போகும். கணக்குக்குக் கையெழுத்துப் போதும்.

வெளி உதவி எப்போது

தூக்கம், சாப்பாடு, விளையாட்டு மூன்றும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அறைக்குள் அடைந்து யாரோடும் பேசாமல் இருந்தால், விட்டுப்போன படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் திரும்பி வந்து நிற்காமல் இருந்தால், மருத்துவரிடம் காட்டுங்கள். 'செத்துப் போயிடலாம்போல இருக்கு', 'அத்தாகிட்டயே போறேன்' என்று பிள்ளை சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே காட்டுங்கள். 'அப்படிப் பேசாதே, பாவம்' என்று அடக்கினால் பேச்சு நிற்கும், எண்ணம் நிற்காது. ஓதிப் பார்ப்பவர்கள் ஓதட்டும். மருத்துவரையும் பாருங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்றிருந்த அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டிலிருந்தே பேச 104. பிள்ளையை யாராவது அடிக்கிறார்கள், தொடக் கூடாத விதத்தில் தொடுகிறார்கள், கல்யாணத்துக்கு வற்புறுத்துகிறார்கள் என்றால் 1098. பிள்ளையே அழைக்கலாம், காசு இல்லை.

கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, உறவினர் அல்லது பாதுகாவலர் வளர்த்தால் 18 வயது வரை மாதம் 3,000 ரூபாய் என்று முதல்வர் 2021 மே 29இல் அறிவித்தார். ஒருவரை இழந்திருந்தால் உயிரோடு இருக்கும் தாய் அல்லது தந்தைக்கு 3 லட்சம் ரூபாய் என்றும் அறிவிக்கப்பட்டது. இதற்கென்று விதிமுறைகள் இருந்தன. விண்ணப்பம் கடலூரில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போக வேண்டியிருந்தது. இறப்புச் சான்றிதழ், கொரோனா பரிசோதனை முடிவு, ஆஸ்பத்திரிக் காகிதங்கள், ஆதார், குடும்ப அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள். ஆஸ்பத்திரிக் காகிதங்களைத் துக்கத்தில் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். இத்தாவில் இருக்கும் தாய்மார்களுக்காக அலைய ஜமாஅத்தில் ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளலாம்; மனு எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவர் போதும்.